கொலையாளி யாரென்று கொடைக் கமிட்டி கேட்டபோது

பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களில் நான் ஏராளமான பேரைக் கொன்றிருக்கிறேன். தென்காசியில் என்னைத் தெரிந்தவர்கள் 'ரைட்டர் அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் சிலர், நான் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று நினைத்துக்கொண்டு, புகார் மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் நாவல்களைவிட அந்த மனுக்கள் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

குற்றக்கதை எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. முழி பிதுங்கி நின்ற சந்தர்ப்பங்கள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எழுத்தெல்லாம் போதும் என்று ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, சமீபத்தில் நடந்தது.

மாத நாவலில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. கதை முழுவதும் ஒரே புத்தகத்தில் வாசகர் கைக்குப் போய்விடும். கொலையாளி யாரென்று தெரியாத நிலையில் ஒருவர் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருவதற்கு வாய்ப்பே கிடையாது. நீங்கள் எழுதுவது கைபேசியில் வாராவாரம் ஒலிக்கும் தொடர். ஒரு பகுதி கேட்டு முடித்தவர்கள் அடுத்த பகுதி வரும்வரை சும்மா இருக்கிறார்கள். சும்மா இருப்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள். என் வீட்டுக்கு வந்தார்கள்.

சென்னையிலிருந்து நிவேதா என்ற பெண் போன் செய்ததில் இது தொடங்கியது. ஒலித்தொடர் தயாரிக்கும் வேலை அவருக்கு. "சார், காதில் கேட்கிற கதை என்பதால் பாட்டும் இசையும் கலந்த ஒரு கொலைக்கதை வேண்டும்" என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவை அவர் விசாரிக்கவில்லை. கச்சேரியில் மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துத்தான் பாட்டு முடிந்துவிட்டதென்று தெரிந்துகொள்பவன் நான்.

பழைய மாத நாவல் ஒன்றில், புல்லாங்குழல் வித்வான் ஒருவர் மேடையில் பாடிக்கொண்டே வாசித்தார் என்று எழுதியிருக்கிறேன். அச்சாகிக் கடைக்குப் போன பிறகுதான் என் பத்திராதிபர் அதைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. "ஏம்யா, அந்த ஆளுக்கு வாய் ஒண்ணுதானே?" என்று மட்டும் கேட்டார். அதே மனிதர்தான் இந்தத் தொழிலின் முதல் சட்டத்தையும் எனக்குச் சொன்னவர். கொலையாளி எவனாக இருந்தாலும் வாசகனுக்கு அவன் முன்பே அறிமுகமாகியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் வந்து கொன்றால் அதற்குப் பெயர் செய்தி, கதை இல்லை என்பார். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என் கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

புல்லாங்குழல் அவமானம் மறுபடி வேண்டாம் என்று இந்த முறை முன்யோசனையாக நடந்துகொண்டேன். தென்காசியில் முருகேசன் என்பவர் ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறார். கீபோர்டு அவர்தான், அறிவிப்பும் அவர்தான். சுற்று வட்டாரத்தில் அம்மன் கோவில் கொடை, அதாவது திருவிழா, என்றால் பாதிக்கு மேல் அவருடைய கச்சேரிதான் இருக்கும். அரிசிக் கடை மாடியில் அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு நான் போய் உட்கார்ந்தேன். ஒரு நாற்காலியும், கேட்கும்போதெல்லாம் டீயும் கிடைத்தன.

"எங்களயே வச்சு எழுதுங்க அண்ணாச்சி. பேர மட்டும் மாத்திக்கிடுங்க" என்றார் முருகேசன். மாற்றினேன். முருகேசனைக் கந்தசாமி ஆக்கினேன். மூத்த பாடகி லட்சுமியைச் சரஸ்வதி ஆக்கினேன். எவ்வளவு பெரிய மறைப்பு என்று பாருங்கள்.

லட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டெல்லாம் இப்போது குழுவில் இளம் பெண்கள்தான் பாடுகிறார்கள். கொடைக் கச்சேரியில் முதலில் பாடும் அம்மன் பாட்டு மட்டும் லட்சுமியுடையது. அந்தப் பாட்டை அவர் எடுத்தால் சாமியாடிக்கு அருள் வந்துவிடும் என்று ஊர்களில் ஒரு பேச்சு. அதற்காகவே முருகேசனின் குழுவைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. கச்சேரி முடிகிறவரை அவர் மேடை ஓரத்தில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு பாட்டால்தான் அவருக்குக் குழுவில் இடம்.

நான் எழுதிய கதை இது. ஒரு கொடைக் கச்சேரி. மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேடைக்குப் பின்னால் குழுவின் அறிவிப்பாளர் மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறார். குழுவில் எல்லாரும் மேடையில் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அப்படியானால் கொன்றது யார்? முதல் வாரத்திலேயே ஒரு துப்பு வைத்தேன். பாட்டு நடுவே வெறும் இசை மட்டும் ஓடும் இடத்தில், பாடகி சரஸ்வதி சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு, மைக்கை விட்டு விலகிப் பின்னால் போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து பாட்டைத் தொடர்கிறாள். கொலையாளி அவள்தான் என்பது என் திட்டம். அறிவிப்பாளர் என்று தனியாக ஒருவர் முருகேசன் குழுவில் இல்லாததால், செத்தவரைப் பற்றி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றும் கணக்குப் போட்டிருந்தேன். பிணத்தைப் பற்றி மட்டும் யோசித்த எனக்கு, உயிரோடு இருப்பவர்கள் வருவார்கள் என்று தோன்றவில்லை.

தொடர் பிடித்துக்கொண்டது. டீக்கடையில், பீடி சுற்றும் வீடுகளில், ஆலங்குளம் பஸ்ஸில் எல்லாம் ஓடியது. கந்தசாமி யார், சரஸ்வதி யார் என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கொடைகளில் கச்சேரி கேட்க வந்த கூட்டம், பாட்டை விட்டுவிட்டு, மேடையில் நிற்பவர்களில் எவன் கொன்றிருப்பான் என்று முகம் முகமாகப் பார்த்தது.

முதலில் முருகேசனே வந்தார். "அண்ணாச்சி, நான் குழுவோட ஓனரு. என்னயக் கொலகாரனாப் போட்டுறாதீய" என்றார். அடுத்து ரிதம் பேட் வாசிக்கும் பையன் வந்தான். அவன் மச்சான் காவல்துறையில் இருக்கிறானாம். "வெளையாட்டுக்குக்கூட எம் பேரு வரக்கூடாதுங்கான். ஸ்டேஷன்ல கேலி பண்ணுதாவளாம்" என்றான். இருவருக்கும் தாராளமாக வாக்குக் கொடுத்தேன். எனக்கு அதில் நஷ்டம் இல்லை. லட்சுமி மட்டும் வரவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில், சுரண்டைப் பக்கத்து ஊர் ஒன்றின் கொடைக் கமிட்டித் தலைவர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் நிமிர்ந்த முதுகுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ரைட்டர் அண்ணாச்சி, கதையில தலையிடுதேன்னு நெனைக்காதீய. கொன்னது பாட்டுக்காரிதானா?"

"அத இப்பச் சொல்லக்கூடாதே" என்றேன்.

"சொல்ல வேண்டாம். அவதான்னா, எங்க கொடைக்கு முன்னாலயே எங்களுக்குத் தெரிஞ்சாகணும். அம்மன் பாட்டுக்கு வேற ஆளு ஏற்பாடு பண்ணணும்லா."

"ஐயா, அது கத."

"கததாம்னு எங்களுக்குத் தெரியும். ஆத்தாளுக்குத் தெரியணும்லா?"

என் கதைகளைத் தாறுமாறாகக் கிழித்த விமர்சனங்களுக்கெல்லாம் நான் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் கோபமாகப் பேசவில்லை. நிதானமாக விளக்கினார். "ஊர்ல இப்பவே அவளக் கொலகாரின்னுதான் சொல்லுதாவ. நாளைக்கு அவ மைக்கப் பிடிச்சு ஆத்தாளக் கூப்பிடும்போது, கூட்டத்துல எவனாவது சிரிச்சிட்டாம்னு வையுங்க, சாமி எறங்காது. சாமி எறங்கலன்னா ஊரு என்னயச் சும்மா விடாது." ஆடிக் கொடை நெருங்குகிறது, தொடரின் முடிவு அதற்கு முந்தின வாரம் வருகிறது, கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம் என்று எழுந்து போனார். போகும்போது, கதை அருமை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலம் லட்சுமி வந்தார். செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. என் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள், அவர் குடிக்கவில்லை.

"கொன்னுட்டுப் போறேன் அண்ணாச்சி, எனக்கொண்ணுமில்ல" என்றார். "கதைக்குத் தேவைன்னா எத்தன பேர வேணும்னாலும் கொல்லுதேன். ஆனா இவிய வேண்டாம்னு சொன்னா, அடுத்த ஊர்லயும் வேண்டாம்பாவ. எனக்குன்னு இருக்கது அந்த ஒரு பாட்டுதான். அது போச்சுன்னா முருகேசன் தம்பிக்கு என்னய வச்சுக்கிட என்ன இருக்கு?"

"பாத்துக்கிடுதேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் போன பிறகு என் வீட்டுக்காரி, "ஒரு பொம்பளயோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு என்ன கத வேண்டிக்கெடக்கு" என்றாள். கதை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சொன்ன ஒரே விமர்சனம் அது.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். கடைசிப் பகுதிகள் மட்டும்தான் பாக்கி. ஒலிபரப்பானதைத் திரும்ப எடுக்க முடியாது. துப்பு எல்லாம் சரஸ்வதியைக் காட்டுகிறது. மற்றவர்களுக்கோ, கொல்ல மாட்டேன் என்று வாய் கிழிய வாக்குக் கொடுத்தாகிவிட்டது. புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து அவன் தலையில் கட்டலாம் என்றால் பத்திராதிபரின் சட்டம் குறுக்கே நிற்கிறது. நான் செய்தது இதுதான்: எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன்.

சீசன் நன்றாக இருந்தது. சாரலும் காற்றுமாக ஐந்தருவிப் பக்கம் கூட்டம் நெரிந்தது. தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு வரிசையில் நின்றேன். தமிழ்க் குற்றக்கதையின் மூத்த எழுத்தாளர் என்று யாராவது அறிமுகப்படுத்தியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். அப்போது ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்த பழக்கடை ஒன்றிலிருந்து ஒருவர் வேகமாக வந்தார்.

"அண்ணாச்சி, நான் பேச்சிமுத்து."

எனக்குப் பிடிபடவில்லை. "எந்தப் பேச்சிமுத்து?"

"பேஸ் கிட்டாரு, அண்ணாச்சி. நீங்க ஒத்திகைக்கு வந்தப்ப நாற்காலி எடுத்துப் போட்டேம்லா."

பேஸ் கிட்டார் என்பது நாலு தடித்த கம்பிகளோடு இருக்கும் கிட்டார். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போய்க்கொண்டே இருக்கும். கூட்டம் அதைக் கேட்பதாக நினைக்காது. வாசிப்பவர் மேடையில் பின்வரிசையில், பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பார். சீசனில் பகலில் பழக்கடை, சாயங்காலம் கச்சேரி என்பது பேச்சிமுத்துவின் பிழைப்பு.

"கத நல்லாப் போகுது அண்ணாச்சி" என்றார். "வாராவாரம் வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து கேக்கோம். எங்க அம்மைக்குக் காது மந்தம், அவ பக்கத்துல போனு வச்சிருவோம். ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்கக்கூடாது. நான் எப்ப வருவேன்?"

"எங்க?"

"கதையில. இந்த வாரம் வருவேன், அடுத்த வாரம் வருவேன்னு இவிய காத்துக் கெடக்காவ."

எண்ணெய் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கத் துண்டு வேண்டும். துண்டு இடுப்பில் இருந்தது. முதல் வாரத்திலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கீபோர்டு வருகிறது. தபலா வருகிறது. பேட் வருகிறது. மைக் செட்டுக்காரர்கூட வருகிறார், அவருடைய நாய்கூட ஒரு இடத்தில் குரைக்கிறது. பேச்சிமுத்து இல்லை. எனக்கு நாற்காலி போட்ட மனிதரை நான் எழுதவே இல்லை. வேண்டுமென்று விட்டிருந்தால்கூட ஒரு கௌரவம் உண்டு. அவர் அங்கே நின்றதே என் கண்ணில் படவில்லை.

"உன்னயக் கடைசிக்குன்னுலா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். துண்டோடு நிற்கும் ஒருவனால் அதைவிட நல்ல பொய்யை உடனே தயாரிக்க முடியாது. ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அதைத் திரும்ப வாங்கவும் முடியாது. கடைக்கு ஓடிப்போய் ஒரு பை நிறைய மங்குஸ்தான் கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். வரிசையில் என் இடம் அதற்குள் போய்விட்டது.

அருவிக்கடியில் எனக்கு ஞானம் பிறந்ததாகச் சொன்னால் நன்றாக இருக்கும். பக்கத்தில் நின்ற மனிதரின் முழங்கை விலாவில் இடித்து, 'ஆள் நிக்கது தெரியலையாய்யா' என்று நான் கத்தியபோதுதான் எனக்கே உறைத்தது. கதையில் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சாட்சியிடமும், மேடையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார். ஊரே சாட்சி சொல்கிறது. ஒருவர் வாயிலும் பேஸ் கிட்டார்க்காரர் வரவில்லை. என் மறதியை மொத்த ஊருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். கிட்டார் இல்லாத மெல்லிசைக் குழு ஏது? அப்படியானால் ஒருவர் அங்கே நின்றிருக்கிறார். அவர் இறங்கிப் போனதையும் யாரும் பார்க்கவில்லை, திரும்பி வந்து நின்றதையும் யாரும் பார்க்கவில்லை.

பத்திராதிபரின் சட்டத்தை நான் மீறவும் இல்லை. அந்தக் கொலையாளியை வாசகருக்கு முதல் வாரமே தெரியும். ஒவ்வொரு கொடையிலும் அவரைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் மறந்திருக்கிறார்கள்.

சரஸ்வதி மைக்கை விட்டு விலகியது மட்டும் இடித்தது. மறுநாள் லட்சுமிக்குப் போன் போட்டேன். "பேச்சிமுத்து நடுவுல வாசிக்கத நிறுத்திட்டா யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"கூட்டத்துக்குத் தெரியாது" என்றார். "எனக்குத் தெரியும். காலுக்கடியில தரையில்லாத மாதிரி இருக்கும். சட்டுன்னு திரும்பிப் பாத்துருவேன்."

சட்டென்று திரும்பிப் பார்த்தாள் என்று முதல் வாரத்தில் எழுதியவன் நான்தான். ஏன் திரும்பினாள் என்பதற்கு அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன். இப்போது அதைவிட நல்ல காரணம் கிடைத்தது. கிட்டார் நின்றதும் திரும்பிப் பார்த்தாள், நின்ற இடத்தில் ஆளைக் காணாமல்தான் பின்னால் போனாள். கொலைகாரி போய், கொலையைக் காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சி ஆனாள் சரஸ்வதி. தம்பி தங்கைகளே, நெருக்கடியில் புதிதாக எதையும் தேடி ஓடாதீர்கள். ஏற்கெனவே எழுதியதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அனேகமாக அதன் வழியாகத்தான் வெளியே வர முடியும்.

ஆனால் ஒருவர் பிழைப்பைக் காப்பாற்ற இன்னொருவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாதே. மறுபடியும் ஐந்தருவிக்குப் போனேன், இந்த முறை சட்டை போட்டுக்கொண்டு. பேச்சிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கொலகாரன்னா பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"பேரு வருமா அண்ணாச்சி?"

"வரும். கடைசி வாரம் முழுக்க உன் பேருதான்."

"நெசப் பேரா?"

"பேச்சிமுத்துன்னே போடுதேன், நீ சரின்னா." மறைப்பில் என் திறமை ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்துவிட்டதால் அதனால் பாதகம் ஒன்றும் இல்லை.

அவர் பழங்களை அடுக்கிக்கொண்டே யோசித்தார். "எம் பொஞ்சாதிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்றார். மறுநாள் போன் வந்தது. "அவ சரின்னுட்டா அண்ணாச்சி. அம்மையும் சரின்னுட்டா. ஒரே ஒரு கண்டிசன் போடுதா. கொலைக்குக் காரணம் பொம்பள விசயம்னு வந்துரக்கூடாதாம்."

நான் எழுதிய நாவல்களில் பாதிக்கு அதுதான் காரணம். அதைப் பிடுங்கிவிட்டால் நான் நிராயுதபாணி. சொத்துத் தகராறு வைக்கலாம் என்றால் பழக்கடைக்காரருக்கு என்ன சொத்து? உட்கார்ந்து யோசித்தபோது, செத்தவர் யார் என்பது நினைவுக்கு வந்தது. அறிவிப்பாளர். மேடையில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கை தட்டல் வாங்கித் தருகிறவர். அவர் ஒவ்வொரு கச்சேரியிலும் எல்லார் பேரையும் சொல்லிவிட்டு, பேச்சிமுத்து பேரை மட்டும் விட்டுவிடுவார். வருடக்கணக்காக. அதுதான் காரணம் என்று எழுதி அனுப்பினேன்.

நிவேதா உடனே கூப்பிட்டார். "சார், பேர் சொல்லவில்லை என்று யாராவது கொலை செய்வார்களா? கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்" என்றார்.

"கொலை செய்ய மாட்டார்களம்மா. நாற்காலி எடுத்துப் போடுவார்கள், மங்குஸ்தான் கட்டிக் கொடுப்பார்கள். அதனால்தான் இத்தனை நாளும் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மாற்றி எழுத நேரம் இல்லாததால் விட்டுவிட்டார்.

கடைசிப் பகுதி வெளிவந்தது. முதல் வாரத்திலிருந்தே ஒரு ஆளை வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார், என்ன திட்டம், என்ன கட்டுப்பாடு என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் இப்படி நடக்கும். அப்போது நீங்களும் குனிந்துகொள்ளுங்கள், வேறு வழியில்லை.

கமிட்டித் தலைவர் போனில் ஒரே வரி சொன்னார். "பாட்டுக்காரி வரலாம். நீங்களும் வந்துருங்க." அது அழைப்பா, எச்சரிக்கையா என்று விளங்கவில்லை. லட்சுமி மேடை ஏறுவது உறுதியாகிவிட்டதே தவிர, கூட்டம் சிரிக்காமல் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. கொடையன்று முருகேசனின் வேனிலேயே போனேன். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்து, ரோட்டோரம் முழுக்கப் போட்டோ எடுக்கிற கூட்டம். வண்டி ஊர்ந்துதான் போனது. லட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பின் சீட்டில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பேச்சிமுத்து.

பொழுது சாய்ந்து கச்சேரி தொடங்கியது. நான் கமிட்டித் தலைவர் பக்கத்தில், முதல் வரிசையில். லட்சுமி மைக் முன்னால் வந்து நின்றார். கூட்டத்தில் ஏதோ குசுகுசுப்பு. யாராவது ஒருவன் சிரித்துவிட்டால் போதும். அந்த அம்மாவின் பாட்டு என்னால் போனது என்றாகிவிடும். லட்சுமி திரும்பி, பின்வரிசையில் பேச்சிமுத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிப் பாட்டை எடுத்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் சரணம் வருவதற்குள் சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. பகலில் சுரண்டை மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்கிறவர் அவர். வேப்பங்குழையோடு ஆடிக்கொண்டு நேராக மேடைக்கு வந்து, லட்சுமியின் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பெண்கள் குலவையிட்டார்கள். லட்சுமி அழுதுகொண்டே பாடினார், சுருதி விலகவில்லை என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. என் பக்கத்தில் கமிட்டித் தலைவர் மூச்சை இழுத்து விட்டது மட்டும் கேட்டது.

அதோடு முடியவில்லை. சாமியாடி லட்சுமியைத் தாண்டி, கீபோர்டைத் தாண்டி, பின்வரிசைக்குப் போனார். பேச்சிமுத்து முன்னால் போய் நின்று உற்றுப் பார்த்தார். கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. கதையில் கொன்றவன் இவன்தான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆத்தாளுக்கும் தெரிந்துவிட்டதோ என்று கமிட்டித் தலைவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியிலேயே ராணுவம் தெரிந்தது.

"ஏலே" என்றது சாமி. "இத்தன வருசமா எங்கலே இருந்த?"

பேச்சிமுத்து வாசிப்பதை நிறுத்தவில்லை. "இங்கனதான் நின்னேன், தாயி" என்றார்.

சாமி அவர் தலையில் கை வைத்தது. நெற்றியில், கையில், கிட்டாரில் எல்லாம் திருநீறு அப்பியது. அப்புறம் கூட்டம் தட்டிய கை தட்டலுக்கு நான் யாரையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சாமியாடியைத் தேடிப்போய், தொடர் கேட்பீர்களா என்று விசாரித்தேன். தொழில் புத்தி போகாதில்லையா. "நான் என்ன சொன்னேன்னு எனக்கே நெனவில்ல" என்று சொல்லித் தக்காளிப் பெட்டியைத் தூக்கினார். அதற்கு மேல் துப்பறிய எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். சாமி மேடையை விட்டு இறங்கி முதல் வரிசை வழியாக வந்தபோது, இந்த ஏற்பாடு அத்தனைக்கும் காரணமானவன் என்ற நினைப்பில் நானும் கையை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். கமிட்டித் தலைவருக்குத் திருநீறு கொடுத்தது. அவருக்கு அந்தப் பக்கம் நின்ற மைக் செட்டுக்காரருக்கும் கொடுத்தது. நடுவில் நான் நிற்பது அதன் கண்ணில் படவே இல்லை.